டிவிடி ரைட் பண்ணும்போது 93 சதவீதத்தில் நிற்குது: டிஸ்க் கோளாறா, ரைட்டர் கோளாறா?

காளிமலைக்காரன் (களியக்காவிளை)

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணம், ஞானஸ்நானம், கோயில் கொடை வீடியோ எல்லாம் எடிட் பண்ணி டிவிடியில அடிச்சுக் கொடுக்கிற வேலை. வீட்டு சிஸ்டம்தான். விண்டோஸ் 10, 8 ஜிபி ராம், கேபினெட்டுக்குள்ள சாதாரண சாட்டா டிவிடி ரைட்டர். வாங்கி நாலஞ்சு வருசம் இருக்கும். அடிக்கிறது இம்ஜ்பர்ன்ங்கிற சாஃப்ட்வேர்ல.

டிஸ்க் ஒழுங்கா ஆரம்பிக்குது. 90 சதவீதம் வரைக்கும் ஒரு குழப்பமும் இல்ல. 93, 94 வந்ததும் டிரைவ் இரைஞ்சு இரைஞ்சு நிற்கும், உடனே ரைட் எரர். லாக்ல பார்த்தா செக்டார் நம்பர் எப்பவும் 21,40,000 பக்கத்துலதான், கொஞ்சம் முன்ன பின்ன. சில டிஸ்க் முழுசா முடிஞ்சுடும், ஆனா எழுதினதைத் திரும்பப் படிச்சுச் சரிபார்க்கிற வெரிஃபை ஓடும்போது அதே இடத்துல முட்டும். அப்படி முடிஞ்சதை வாங்கிட்டுப் போனவங்க, கெட்டுமேளம் எல்லாம் நல்லா ஓடுது, கடைசியில பந்தி வரும்போது படம் கட்டம் கட்டமா உடையுதுன்னு சொல்லுறாங்க.

சிடி அடிச்சா ஒரு குறையும் கிடையாது. பழைய டிவிடி எல்லாம் இதே டிரைவ்ல நல்லா ஓடுது.

டிஸ்க் 50 எண்ணம் உள்ள பெட்டி. டிவிடி-ஆர், மேல 16எக்ஸ்னு போட்டிருக்கு, கம்பெனி பேர் கேள்விப்பட்டது இல்ல. ஃபைல் மொத்தம் 4.36 ஜிபி வரும். ஸ்பீடு ‘மேக்ஸ்’ வச்சிருக்கேன். மார்த்தாண்டத்துல கேட்டா ரைட்டர் போச்சுங்கிறாங்க. திருவனந்தபுரத்துல கேட்டா டிஸ்க் மோசம்ங்கிறாங்க. எதை மாத்த?

கூடவே ஒரு சின்னக் கேள்வி. ஜீப்புக்காரங்க எம்பி3 சிடி கேக்குறாங்க. அடிச்சுக் கொடுத்தா சில செட்டுல ‘நோ ஃபைல்’னு வருது, சிலதுல ஓடுது. அது என்ன சங்கதி?


பழைய_ஸ்க்ரூடிரைவர் (தக்கலை)

செக்டார் நம்பரோட கேட்டதுக்கு முதல்ல ஒரு கும்பிடு. எரர் வந்த இடம்தான் பாதி பதில்.

டிவிடி உள்ளே இருந்து வெளியே எழுதப்படும். மையத்திலிருந்து 24 மில்லிமீட்டரில் டேட்டா தொடங்கி, முழுசா நிரம்பினால் 58 மில்லிமீட்டர் வரை போகும். டிஸ்க்கின் விளிம்பு 60. டேட்டா செக்டார் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதப்படும். ஒரு டிவிடி-ஆரில் மொத்தம் 22,98,496 செக்டார், ஒவ்வொன்றும் 2,048 பைட். உங்கள் 21,40,000 எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டால் மையத்திலிருந்து 56 மில்லிமீட்டரைத் தாண்டி வரும். அதாவது கடைசி ஓரத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

எரர் எங்கே வந்தால் எதைச் சந்தேகப்படணும் என்று சொல்கிறேன். எழுதவே தொடங்காமல், சில விநாடியில் ‘பவர் காலிபரேஷன் ஏரியா எரர்’ என்று வந்தால், லேசர் தன் சக்தியைச் சோதித்துப் பார்க்கும் கட்டத்திலேயே தோற்றுவிட்டது. ஒவ்வொரு முறை எழுதும் முன்பும் டிரைவ் டிஸ்க்கின் உள்ஓரத்தில் கொஞ்சம் எழுதிப் பார்த்து, எவ்வளவு பவர் வேணும் என்று முடிவு செய்யும். அந்த டிஸ்க்குக்கு என்ன பவர் என்றே டிரைவுக்குப் பிடிபடவில்லை என்றால் லென்ஸ் அழுக்கு, லேசர் தளர்ச்சி, அல்லது அந்த டிஸ்க்கை டிரைவின் ஃபர்ம்வேருக்கு, அதாவது டிரைவுக்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேருக்கு, தெரியாது. இந்த மூன்றில் ஒன்று.

நடுவில், ஒவ்வொரு டிஸ்க்கிலும் வேறு வேறு இடத்தில் நின்றால் டிஸ்க்கைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. சாட்டா கேபிள், எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி), ஆண்டிவைரஸ், டேட்டா வந்துசேரும் வேகம், இவற்றைப் பார்க்கணும்.

எல்லா டிஸ்க்கிலும் கடைசி ஓரத்தில் மட்டும் நின்றால், உங்களுக்கு நடப்பது இதுதான், முதல் குற்றவாளி டிஸ்க். லேசர் எழுதுவது டிஸ்க்குக்குள் பூசிய ஒரு சாயத்தில். அந்தச் சாயத்தைச் சுழற்றித்தான் பூசுகிறார்கள். மலிவு டிஸ்க்கில் விளிம்புப் பக்கம் பூச்சு சீராக இருக்காது. இரண்டு பிளாஸ்டிக் தகடு ஒட்டியதுதான் டிவிடி, தகடு ஒன்று 0.6 மில்லிமீட்டர். அந்த ஒட்டும் விளிம்பில்தான் கோணல் அதிகம். டிஸ்க்கை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்து அடிப்பக்கத்தின் வெளிஓரத்தைப் பாருங்கள். சாயம் ஒரே நிறமாக இல்லாமல் வட்டம் ஒரு பக்கம் அகலமாக, ஒரு பக்கம் ஒடுங்கித் தெரிந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

இரண்டாவது குற்றவாளி நீங்கள் வைத்த ‘மேக்ஸ்’. 16எக்ஸ், அதாவது 16 மடங்கு வேகம், என்பது ஆரம்பம் முதல் 16 அல்ல. உள்ளே 6, 7 எக்ஸில் தொடங்கி ஓரத்தில்தான் 16-ஐத் தொடும். அந்த இடத்தில் டிஸ்க் நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் சுற்றும். பூச்சு மோசமான அதே இடத்தில் வேகமும் உச்சம், ஆட்டமும் உச்சம். நீங்கள் கேட்ட இரைச்சல் அதுதான்.

செய்ய வேண்டியது: ஸ்பீடை 8எக்ஸ் ஆக்குங்கள். புராஜெக்ட்டை 4.0 ஜிபிக்குள் சுருக்கி அதே பெட்டியிலிருந்து ஒரு டிஸ்க் அடியுங்கள். 4.2 ஜிபியில் நிறுத்தினால் ஓரத்தில் 1 மில்லிமீட்டர்தான் மிச்சமாகும், 4.0 என்றால் 2 மில்லிமீட்டர். உங்கள் கேஸில் அந்த ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஏனென்றால் எரர் இடம் ஜிபி கணக்கில் 4.08. அடுத்து நல்ல கம்பெனி டிஸ்க் ஒன்றே ஒன்று லூஸில் வாங்கி 4.36 முழுசா 8எக்ஸில் அடியுங்கள். அது வெரிஃபை தாண்டினால் ரைட்டரில் கை வைக்காதீர்கள்.


நாஞ்சில்பறவை (நாகர்கோவில்)

எதுக்கு 8? இருக்கிறதிலேயே குறைஞ்ச ஸ்பீடு வச்சு அடிச்சா பிரச்சினையே இல்ல. 2எக்ஸ் வைங்க, அரை மணி நேரம் ஆகும், ஆனா உறுதி. அப்புறம் ஒரு யோசனை, இப்ப எல்லா வீட்டு டிவியிலயும் பென்டிரைவ் போடுற ஓட்டை இருக்கே, பென்டிரைவ்லயே குடுத்துட்டா என்ன?


சாலைக்கடை (திருவனந்தபுரம்)

நாஞ்சில் அண்ணே, 2எக்ஸ் யோசனை 4எக்ஸ் டிஸ்க் வந்த காலத்துக்குப் பொருந்தும். 16எக்ஸ் டிஸ்க்கின் சாயம் வேகமாக எழுதுவதற்கென்று செய்தது. அந்த டிஸ்க்குக்கு எந்த வேகத்தில் லேசரை எப்படித் துடிக்க விடணும் என்ற கணக்கு டிரைவின் ஃபர்ம்வேரில் இருக்கும். பெரும்பாலும் 8, 12, 16-க்குத்தான் அதை நன்றாகச் சீர் செய்திருப்பார்கள். 2எக்ஸ் கேட்டால் பல டிரைவ் அதைக் கண்டுகொள்ளாமல் தனக்குத் தெரிந்த வேகத்துக்குப் போய்விடும். கேட்டுக்கொண்டு எழுதினால் சில சமயம் 8எக்ஸை விட மோசமாக வரும். 16எக்ஸ் டிஸ்க்குக்கு 8, தேவைப்பட்டால் 12. 8எக்ஸ் டபுள் லேயர் (இரண்டு அடுக்கு) டிஸ்க்குக்கு 4. இதில் நின்றால் போதும். 8எக்ஸில் ஒரு முழு டிஸ்க் 8, 9 நிமிடத்தில் முடியும். 16-க்குப் போனால் மிச்சமாவது 3 நிமிடம். அதுக்காக ஒரு டிஸ்க்கை இழக்க வேண்டாம்.

காளிமலைக்காரரே, டிஸ்க்கின் மேல் அட்டையில் இருக்கும் பேரை நம்ப வேண்டாம். டிஸ்க்கைப் போட்டு இம்ஜ்பர்ன் திறந்ததும் வலது பக்கக் கட்டத்தில் ‘டிஸ்க் ஐடி’ என்று ஒரு வரி இருக்கும். அதுதான் தகடு செய்த ஆலையின் குறியீடு. எம்சிசி என்று தொடங்கினால் மிட்சுபிஷி குடும்பம், சிஎம்சி என்றால் தைவான் ஆலை, எம்பிஐ என்றால் நம்ம இந்தியக் கம்பெனி மோசர் பேர். டிவிடி பிளஸ் ஆர் என்ற இன்னொரு வகை டிஸ்க்கில் யூடென் என்று வந்தால் ஜப்பானின் தாயோ யூடென்.

ஆனால் பழைய நினைவில் தேடாதீர்கள். தாயோ யூடென் 2015 கடைசியில் டிஸ்க் தொழிலையே விட்டுவிட்டது. வெர்பேட்டிம் என்ற டிஸ்க் பிராண்டை மிட்சுபிஷி 2019-இல் சிஎம்சிக்கு விற்றது. மோசர் பேரும் மூடியாச்சு. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலோ மார்த்தாண்டத்திலோ ‘பழைய மோசர் பேர் ஸ்டாக்’ என்று கொடுத்தால் அது எத்தனை மழைக்காலம் குடோனில் கிடந்தது என்று முதலில் யோசியுங்கள். எழுதாத டிஸ்க்கும் கெடும். சாயம் ஈரத்துக்கும் சூட்டுக்கும் பயப்படும்.

இன்னொரு தந்திரம் நடக்கிறது. மலிவு ஆலைகள் பெரிய கம்பெனியின் குறியீட்டைத் திருடி அச்சிடுவது. டிரைவ் அதை நம்பி அந்தக் கம்பெனி டிஸ்க்குக்கு உரிய பவரில் எழுதும். சாயம் வேறு, பவர் வேறு, முடிவு உங்கள் 94 சதவீதம். பெட்டியில் கேள்விப்படாத பேர், டிஸ்க் ஐடியில் மாத்திரம் ஜப்பான் ஆலை என்று வந்தால் போலி என்று வைத்துக்கொள்ளலாம்.

பென்டிரைவ் விஷயம்: கல்யாண ஆல்பத்தோடு டிஸ்க் வைக்கிற பழக்கம் தமிழ்நாடு, கேரள எல்லைக்கு ரெண்டு பக்கமும் இருக்கு. கேட்டதைக் கொடுக்கணும். பென்டிரைவையும் கூடக் கொடுத்தால் நல்லது.


காளிமலைக்காரன்

ஸ்க்ரூடிரைவர் அண்ணே, சாலைக்கடை அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. டிஸ்க்கைச் சாய்ச்சுப் பார்த்தேன். ஓரத்துல சாயம் ஒரு பக்கம் பிறை மாதிரி ஒடுங்கி இருக்கு. டிஸ்க் ஐடியில ஜப்பான் கம்பெனி ஒண்ணோட குறியீடு வருது, பெட்டியில அந்தப் பேரே இல்ல. இனி 4.0 ஜிபி சோதனை பண்ணிட்டுச் சொல்லுறேன்.

இன்னொண்ணு கவனிச்சேன். அடிக்கும்போது இம்ஜ்பர்ன் கீழ ரெண்டு பட்டை ஓடுதே, அதுல ‘டிவைஸ் பஃபர்’ அப்பப்ப 100-லிருந்து 40, 30-க்கு இறங்குது. வீடியோ ஃபோல்டர் வெளி ஹார்ட்டிஸ்க்ல இருக்கு, யுஎஸ்பி. இதுவும் காரணமா?


பழைய_ஸ்க்ரூடிரைவர்

ஓரத்து எரருக்கு அது நேரடிக் காரணம் இல்லை. ஆனால் சரி பண்ண வேண்டியதுதான்.

டிவிடி 1எக்ஸ் என்றால் விநாடிக்கு 1.385 எம்பி. 8எக்ஸுக்கு 11 எம்பி, 16எக்ஸுக்கு 22 எம்பி இடைவிடாமல் வரணும். யுஎஸ்பி 2.0 துளையில் தொங்கும் ஹார்ட்டிஸ்க் நல்ல நாளில் 30 எம்பி கொடுக்கும். அதே நேரம் ஆண்டிவைரஸ் அந்த ஃபோல்டரை நோண்டினால் பாதியாகும். பஃபர் என்பது எழுதப் போகும் டேட்டாவை டிரைவ் முன்கூட்டியே வாங்கி வைக்கும் இடம். அது காலியானால் பழைய காலம் போல டிஸ்க் வீணாகாது. லேசரை நிறுத்தி, டேட்டா வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஒட்டுப்போட்டு எழுதும். அந்த ஒட்டு விழுந்த இடத்தில் பழைய பிளேயர் ஒரு நொடி திக்கலாம். அதனால் முதலில் டிஸ்க்கில் வர வேண்டிய எல்லாவற்றையும் ஐஎஸ்ஓ என்ற ஒரே ஃபைலாக உள் ஹார்ட்டிஸ்க்கில் செய்துகொண்டு, அதிலிருந்து அடியுங்கள். 20 பிரதி வேணும் என்றாலும் ஒரு ஐஎஸ்ஓ போதும், ஒவ்வொரு தடவையும் ஃபோல்டரிலிருந்து கட்ட வேண்டாம். அடிக்கும் நேரத்தில் எடிட்டிங்கில் ரெண்டர் போடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கேபினெட் டிரைவில் லேசரும் போர்டும் 5 வோல்ட், சுற்றும் மோட்டார் 12 வோல்ட். மீட்டரை டிசி 20-இல் வைத்து, உபயோகத்தில் இல்லாத ஒரு பவர் கனெக்டரில் கறுப்பும் மஞ்சளும் தொட்டால் 12, கறுப்பும் சிவப்பும் தொட்டால் 5. சும்மா இருக்கும்போது அளப்பதில் பயனில்லை. டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது, அதுவும் 80 சதவீதத்துக்கு மேல் அளக்கணும். 12 என்பது 11.4-க்குக் கீழேயோ, 5 என்பது 4.75-க்குக் கீழேயோ இறங்கினால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றணும். அது சரியில்லாமல் புது ரைட்டர் வாங்கினாலும் இதே கதைதான். சாயங்காலம் விளக்கெல்லாம் மங்கும் ஏரியாவில் இருந்தால் அந்த நேரத்திலேயே அளந்து பாருங்கள்.

லென்ஸ்: சிடி நன்றாக எழுதுகிறது என்பதை வைத்து டிவிடி லேசர் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, ரெண்டும் தனித்தனி லேசர். லென்ஸ் ஒன்றே. ஒன்று தளர்ந்து மற்றது பிழைத்திருப்பது சகஜம். ஆனால் உங்கள் டிரைவ் 93 சதவீதம் சுத்தமாக எழுதுகிறது, பழைய டிவிடியும் படிக்கிறது. தளர்ந்த லேசர் அவ்வளவு தூரம் போகாது.

துடைத்தே ஆகணும் என்றால் கடையில் விற்கும் பிரஷ் வைத்த கிளீனிங் டிஸ்க் வேண்டாம். அந்த பிரஷ் வேகமாகச் சுற்றி லென்ஸைத் தொங்கவிட்டிருக்கும் மெல்லிய கம்பிகளை வளைத்துவிடும். பவரைக் கழற்றிவிட்டு, முன்பக்கச் சின்னத் துளையில் நேராக்கிய ஜெம் கிளிப்பை விட்டுத் தட்டை வெளியே இழுத்து, தட்டின் முகப்பை மேலே தள்ளிக் கழற்றி, அடியில் இருக்கும் 4 ஸ்க்ரூவை எடுத்தால் மூடி வரும். காது பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி, மொபைல் ரிப்பேர் கடையில் கிடைக்கும். மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டில் வேறு சேர்மானம் இருந்தால் லென்ஸில் படலம் நிற்கும். நடுவிலிருந்து வெளியே, அழுத்தாமல் ஒரு சுற்று. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பவர் கொடுத்துப் பார்க்கும் வீரம் வேண்டாம். எழுதும் லேசர் கண்ணைக் கெடுக்கும், சிடி லேசர் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது.


மலையோரம் (குலசேகரம்)

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். எனக்கு அடிக்கிறதுக்கு முன்ன டிரைவையே காணல. மை கம்ப்யூட்டர்ல இல்ல. டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம், கோடு 39னு காட்டுது. ஒரு பழைய சிடி ரைட்டிங் சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் பண்ணினதுக்கு அப்புறம்தான் இப்படி.


சாலைக்கடை

அது அந்த சாஃப்ட்வேர் விட்டுப்போன ஃபில்டர், அதாவது விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவில் அது செருகி வைத்த துணை டிரைவர். ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, எச்கேஎல்எம் (எச்கீ லோக்கல் மெஷின்), சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று இறங்குங்கள். அங்கே வரிசையாக நீள நீள எண்கள். 4டி36இ965 என்று தொடங்குவது சிடி, டிவிடி டிரைவுக்கு உரியது. வலப்பக்கம் ‘கிளாஸ்’ என்பதில் சிடிரோம் என்று இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு, அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்து காப்பி வைத்துக்கொண்டு, ‘அப்பர்ஃபில்டர்ஸ்’, ‘லோயர்ஃபில்டர்ஸ்’ ரெண்டையும் மட்டும் அழியுங்கள். ரீஸ்டார்ட். பக்கத்துக் கீ 4டி36இ967 ஹார்ட்டிஸ்க்குக்கு உரியது, எண் ஒன்று போலவே இருக்கும். அதில் கை வைத்தால் விண்டோஸே எழும்பாது.

அழித்த பிறகு அந்த ஃபில்டரை நம்பியிருந்த வேறு ரைட்டிங் சாஃப்ட்வேர் ஏதாவது வேலை செய்யாமல் போனால் அதை மறுபடி இன்ஸ்டால் செய்யணும், அவ்வளவுதான்.


ஆலமூட்டுக்காரி (பாறசாலை)

காளிமலை அண்ணன் டிஸ்க்கை மாத்தினாலும் பழைய பிளேயர்ல பாதிக் குறை மிஞ்சும். அதுக்கு ரெண்டு மூணு விஷயம்.

முதலாவது பிட்ரேட், அதாவது ஒரு விநாடி படத்துக்குச் செலவாகும் டேட்டா அளவு. டிவிடி வீடியோவுக்கு உச்சம் 9.8 எம்பிபிஎஸ், ஆடியோ எல்லாம் சேர்த்து 10.08. கம்பெனி அச்சடிச்ச டிஸ்க்குக்கு அது சரி. வீட்டில் எழுதிய டிஸ்க்கில் அவ்வளவு வேகமாகப் படிக்க பழைய பிளேயரால் முடியாது, பூவாரி எறியும் காட்சி, தீபாராதனை, டான்ஸ் என்று அசைவு கூடும் இடத்தில்தான் திக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேரில் சராசரி 6, உச்சம் 8 என்று வையுங்கள். சராசரி 6-இல் ஒரு டிஸ்க்குக்கு ஏறக்குறைய 1 மணி 40 நிமிடம் கொள்ளும். ஆடியோவைச் சுருக்காமல் பிசிஎம்மில் விட்டால் அது ஒன்றே 1.5 எம்பிபிஎஸ் தின்னும். சுருக்கிய டால்பி ஏசி3, 224 கேபிபிஎஸ் போதும். அப்படி மாற்றினாலே உங்கள் 4.36 ஜிபி கணிசமாக இறங்கும். நேரம் 2 மணி என்றால் பிட்ரேட்டை நசுக்காமல் ரெண்டு டிஸ்க்காகப் பிரியுங்கள், தாலிகெட்டு வரை ஒன்று, வரவேற்பு ஒன்று.

ரெண்டாவது, நம்ம நாட்டு டிவி முறையான ‘பால்’ (PAL): விநாடிக்கு 25 ஃபிரேம், 720க்கு 576. கேமரா 30 ஃபிரேமில் எடுத்திருந்தால் அதை ‘பால்’ முறைக்கு மாற்றும்போது கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி எடுத்த காட்சி எல்லாம் துள்ளும். அதை டிஸ்க் எரர் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். கம்ப்யூட்டரில் ஓட்டினாலும் துள்ளினால் டிஸ்க் மேல் குற்றமில்லை.

மூணாவது, எம்பி4 ஃபைலை அப்படியே இழுத்துப் போட்டு அடித்தால் அது டேட்டா டிஸ்க். வீடியோ_டிஎஸ் ஃபோல்டருக்குள் ஐஎஃப்ஓ, பியூபி, விஓபி இருந்தால்தான் எல்லாப் பிளேயரும் எடுக்கும். ஃபைல் சிஸ்டம் ஐஎஸ்ஓ9660-உடன் யுடிஎஃப் 1.02. இம்ஜ்பர்னில் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைக் கொடுத்தால் இதைத் தானே கண்டுபிடித்து ‘மாற்றட்டுமா’ என்று கேட்கும், யெஸ் கொடுத்தால் போதும்.

டிவிடி பிளஸ் ஆர் கிடைத்தால் ஒரு வசதி உண்டு. அதன் புக் டைப்பை, அதாவது இது என்ன வகை டிஸ்க் என்று பிளேயருக்குச் சொல்லும் குறியை, ‘டிவிடி-ரோம்’ (கம்பெனி அச்சடிச்ச டிஸ்க்) என்று மாற்றி எழுத சில டிரைவ் விடும், பிளஸ் டிஸ்க்கை எடுக்காத பழைய பிளேயரும் ஏமாந்து எடுக்கும். மைனஸ் ஆரில், அதாவது உங்களிடம் இருக்கும் டிவிடி-ஆரில், இது முடியாது. ஆனால் மைனஸ் ஆரைப் பெரும்பாலான பழைய பிளேயர் எடுத்துவிடும்.

டிஸ்க் மேல் வட்ட ஸ்டிக்கர் ஒட்டுகிறவரா நீங்கள்? ஒட்டாதீர்கள். சற்றே விலகினாலும் சுற்றும்போது ஆடும், மழைக்காலத்தில் காகிதம் ஈரத்தை இழுத்து டிஸ்க்கை வளைக்கும். பெண் மாப்பிள்ளை பேர் போட்டுத்தான் ஆகணும் என்றால் பிரிண்டபிள் டிஸ்க் வாங்கி இங்க்ஜெட்டில் அடியுங்கள். எழுதி வெரிஃபை பண்ணிய பிறகு அடியுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு கவரில் போடுங்கள்.

ஜீப் சிடி: விண்டோஸ் கேட்கும் இரண்டு வழியில் ‘யுஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போல’ என்பதைத் தேர்ந்திருப்பீர்கள். அது யுடிஎஃப் என்ற ஃபைல் சிஸ்டத்தில் எழுதும், காரில் இருக்கும் பழைய செட்டுக்கு அது தெரியாது. ‘சிடி, டிவிடி பிளேயருக்கு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது இம்ஜ்பர்னில் ஐஎஸ்ஓ9660-உடன் ஜோலியட். ஒரே செஷன், அதாவது எல்லாப் பாட்டும் ஒரே தடவையில் எழுதி, முடித்து மூடிய டிஸ்க். சிடி-ஆரில் மட்டும். சிடி-ஆர்டபிள்யூ ஒளியைத் திருப்பி அனுப்புவது குறைவு, பல செட் ‘நோ டிஸ்க்’ என்று துப்பும். ஃபைல் எம்பி3 ஆகவே இருக்கணும், 128 முதல் 192, 44.1 கிலோஹெர்ட்ஸ். எம்4ஏ ஃபைலை எம்பி3 என்று பேர் மாற்றி வைத்தால் பாடாது. பேரில் தமிழோ மலையாளமோ வைத்தால் கட்டம் கட்டமாகத் தெரியும், சில செட் அந்தப் பாட்டையே தாண்டிவிடும். எண் போட்டு ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். இதையெல்லாம் செய்தும் ஒரு செட்டில் ‘நோ ஃபைல்’ என்றால் அந்த செட்டின் முகப்பில் எம்பி3 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதற்கு 80 நிமிட ஆடியோ சிடிதான்.


காளிமலைக்காரன்

4.0 ஜிபி, 8எக்ஸ்: பழைய பெட்டி டிஸ்க்கிலேயே எழுதி வெரிஃபையும் தாண்டிச்சு. நல்ல டிஸ்க் லூஸ்ல வாங்கி 4.36 முழுசா 8எக்ஸ்: அதுவும் தாண்டிச்சு. அதே பெட்டி டிஸ்க்ல 4.36, 8எக்ஸ்: எழுதி முடிஞ்சு வெரிஃபைல 97 சதவீதத்துல தட்டிச்சு. மீட்டர் வச்சுப் பார்த்ததுல 12 வோல்ட் 11.8-க்குக் கீழ போகல, 5 வோல்ட் 5.02. ஐஎஸ்ஓ உள் டிஸ்க்ல வச்சதும் பஃபர் 95-க்குக் கீழ வரல. அப்ப ரைட்டரைத் தூக்கிப் போட வேண்டாம்னு எடுத்துக்கலாமா?

ஆலமூட்டு அக்கா, பிட்ரேட் 9 வச்சிருந்தேன், ஆடியோ பிசிஎம். ரெண்டையும் மாத்தியாச்சு.

மிச்சம் பெட்டியில பாதிக்கு மேல டிஸ்க் இருக்கு. அதை என்ன செய்ய? அப்புறம் வாடிக்கையாளர் கேட்டா எப்படி வைக்கணும்னு சொல்லிக்கொடுக்க?


பழைய_ஸ்க்ரூடிரைவர்

ரைட்டர் நன்றாக இருக்கிறது, வேறு செலவு வேண்டாம். வெரிஃபை தாண்டியதை மட்டும் வைத்து முழு நிம்மதி கொள்ளாதீர்கள். எழுதிய டிரைவ் தன் எழுத்தைத் தானே எப்படியாவது படித்துவிடும். வேறு ஒரு சிஸ்டத்தின் டிரைவில் போட்டு இம்ஜ்பர்னில் ‘ரீட்’ ஓட்டி, கடைசிவரை வேகம் சீராக ஏறுகிறதா பாருங்கள். ஓரத்தில் வேகம் திடீரென்று விழுந்து எழுந்தால், எரர் காட்டாவிட்டாலும் அந்த டிஸ்க் ஒன்றிரண்டு வருஷத்தில் மண்டையைப் போடும். ஓட்டிப் பார்க்க வசதியான டிரைவ் இருந்தால் நீரோ டிஸ்க்ஸ்பீடில் குவாலிட்டி ஸ்கேன்: பிஐ எரர் (படிக்கும்போது வரும் சின்னப் பிழை) 280-ஐத் தாண்டக்கூடாது, பிஐ ஃபெயிலியர் (முதல் கட்டத்தில் திருத்த முடியாமல் போன பிழை) 4-ஐத் தாண்டக்கூடாது. எல்லா டிரைவும் இந்த ஸ்கேனை ஆதரிக்காது.

மிச்சம் டிஸ்க்கை கல்யாண வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். வாடிக்கையாளருக்குக் காட்டும் டிரையல் பிரதி, அது 4.0-க்குள் இருந்தால், அடிக்கலாம். நிரந்தரமாக வைக்க வேண்டிய எதற்கும் வேண்டாம்.


ஆலமூட்டுக்காரி

வைக்கிற விதம்: நிமிர்த்தி, கட்டி பிளாஸ்டிக் கேஸில். மெல்லிய பிளாஸ்டிக் உறை நம்ம ஊர் ஈரத்தில் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுக்கும்போது தழும்பு விழும். இடவப்பாதி மழையில் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூசணம் பிடித்தால் சுத்தத் தண்ணீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடைக்கணும், வட்டமாகத் துடைக்கக்கூடாது. டிவிடிக்கு டேட்டா ரெண்டு தகட்டுக்கும் நடுவில் இருப்பதால் மேல்பக்கக் கீறலைக் கொஞ்சம் தாங்கும். சிடிக்கு மேல் அச்சுக்கு உடனடியாகக் கீழேதான் டேட்டா, பால்பாயிண்ட் பேனாவில் அழுத்திப் பேர் எழுதினால் அந்த இடம் போச்சு. அல்மாராவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு மழைக்காலம் முடிந்ததும் மாற்றச் சொல்லுங்கள். ஏசி அறையில் இருந்து எடுத்தால் ஒரு மணி நேரம் வெளியே வைத்து, பனி பூத்திருந்தால் காய்ந்த பிறகு டிரைவில் போடச் சொல்லுங்கள்.

ஐஎஸ்ஓவை உங்கள் ஹார்ட்டிஸ்க்கில் ஒரு வருஷமாவது அழிக்காமல் வையுங்கள். டிஸ்க் கெட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் கல்யாண நாளுக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் வருவார்கள்.